கட்டெறும்புக்கு வீட்டிலேயே கூடு: பிளாஸ்டர் இரண்டு முறை காலை வாரிவிட்டது, அடுத்து என்ன?

தகரடப்பா

போன வருஷம் கோடை மழை விட்ட ஒரு ராத்திரி, வாசல் விளக்கடியில் இறக்கையை உதிர்த்துவிட்டுப் போக்கிடம் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த கட்டெறும்பு ராணி ஒன்றைப் பிடித்தேன். டெஸ்ட் டியூபில் பாதிக்குத் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, இந்தப் பக்கம் ராணி, டியூபின் வாயில் இன்னொரு பஞ்சு, மேலே கறுப்புத் துணி. அவ்வளவுதான். ஒன்றரை மாதம் ஒரு வாய் தின்னாமல் கிடந்து முதல் 4 வேலைக்காரிகளை வளர்த்துவிட்டாள். இப்போது 40க்கு மேல் இருக்கும். டியூபில் நெரிசல், பஞ்சு கறுத்துவிட்டது.

சரி, வீடு கட்டித் தரலாம் என்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இறங்கினேன். மகளின் விளையாட்டுக் களிமண்ணை அறை அறையாகக் கண்ணாடியில் ஒட்டி, சுற்றி அட்டையால் கரை கட்டி, கலவையை ஊற்றி, இறுகியதும் களிமண்ணை நோண்டி எடுத்தேன். பார்க்க அரண்மனை மாதிரிதான் இருந்தது. மூன்றே வாரத்தில் சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி, பூஞ்சை. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு டியூபுக்கே திரும்பிவிட்டன.

இரண்டாவதை நன்றாகக் காயவைத்துத்தான் கொடுத்தேன். இதில் பூஞ்சை இல்லை. ஆனால் தினமும் சிரிஞ்சில் தண்ணீர் விட்டு விட்டு ஒரு மூலை குழைந்துபோய், அங்கேயே கடித்துத் துளை போட்டு 2 பேர் சமையலறைக்கு வந்துவிட்டார்கள். அம்மா மஞ்சள்தூள் டப்பாவோடு என் அறை வாசலில் நின்றதைச் சொல்லவே வேண்டாம்.

ஜாதி நம் ஊர்ப் பெரிய கறுப்புக் கட்டெறும்பு, கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ். ஊர் தாம்பரம். மூன்றாவது கூட்டை எதில் கட்டலாம்? ரெடிமேட் அக்ரிலிக் கூடு வாங்கச் சொல்லாதீர்கள், கையால் செய்வதில்தான் ஆசை.

வெல்லக்கட்டி

அண்ணா, அந்த ராணி இத்தனை நாள் சாப்பிடாமல் எப்படி உயிரோடு இருந்தாள்? நானும் ஒன்று பிடித்து வைத்திருக்கிறேன், பாவமாக இருக்கிறது என்று தினமும் தேன் வைக்கிறேன், அவள் தொடவே மாட்டேன் என்கிறாள்.

ராப்பூச்சி

வெல்லக்கட்டி, முதல் வேலையாக அந்தத் தேனை எடுத்துவிடுங்கள், கால் ஒட்டிக்கொண்டு செத்துப்போவாள். இறக்கையை உதிர்த்த பிறகு பறக்கும் தசைக்கு வேலை கிடையாது. அதையும் உடம்புக் கொழுப்பையும் கரைத்துத்தான் முதல் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறாள். கட்டெறும்பு ராணிக்கு இந்தச் சக்தி உண்டு, எல்லா ஜாதிக்கும் கிடையாது, சிலது வெளியே போய் இரை தேடியே தீரும். உங்கள் வேலை அவளை மறந்துவிடுவது. தினமும் துணியை விலக்கிப் பார்த்தால் பயந்து முட்டையைத் தின்றுவிடுவாள். வாரம் ஒரு முறை, அதுவும் அரை நிமிஷம், போதும்.

தகரடப்பா, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பொருளைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. அரண்மனையில் மொத்தம் எத்தனை அறை?

தகரடப்பா

14. 🙂

ராப்பூச்சி

அதுதான். 40 பேருக்கு 14 அறை கொடுத்தால் 3 அறையில் குடியிருந்துகொண்டு மற்றதில் குப்பை கொட்டுவார்கள். கரப்பான் கால், செத்த எறும்பு, காலிக் கூட்டுப்புழு உறை எல்லாம் கூட்டுக்குள்ளேயே தங்கும். அதோடு ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை வராமல் என்ன செய்யும்? இருக்கிற கூட்டம் பாதி இடத்தை அடைக்கிற அளவு கூடு போதும். குப்பை, கூட்டோடு குழாயால் இணைத்து இரை வைக்கிற வெளிப் பெட்டிக்குப் போகட்டும்.

அடுத்தது தண்ணீர். நீங்கள் கூடு முழுக்க நனைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு ஓரம் ஈரம், மறு ஓரம் காய்ந்து, நடுவில் இரண்டுங்கெட்டான், இப்படி இருந்தால் முட்டைக்கு எது வேண்டும், கூட்டுப்புழுவுக்கு எது வேண்டும் என்று அவர்களே பார்த்து இடம் மாற்றிக்கொள்வார்கள். இது ஒன்றும் புதுசில்லை. சார்ல் ஜானே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பிளாஸ்டரில் வரிசையாக அறை குடைந்து, ஒரு முனையில் மட்டும் தண்ணீர்த் தொட்டி வைத்துக் கூடு செய்திருக்கிறார். அவருக்கும் முன்னால் இங்கிலாந்தில் ஜான் லப்பக் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் மண்ணைப் பரப்பி வளர்த்தார், அதில் ஒரு ராணி கிட்டத்தட்ட 15 வருஷம் இருந்தாள். வீட்டைத் தொடங்கும் முன் இந்தக் கணக்கையும் பாருங்கள், நீங்கள் கட்டுவது ஒரு மாதத்துக்கான பொம்மை இல்லை.

செங்கல்சூளை

நான் கட்டட வேலை பார்க்கிறவன், அதனால் என் ஓட்டு ஏஏசி பிளாக்குக்கு, அதாவது சுவர் கட்டுகிற லேசான நுரைக்கல்லுக்கு. சைட்டில் உடைந்த துண்டு எப்போதும் கிடக்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள். 4 இஞ்ச் பிளாக்கை ரம்பத்தாலேயே பலகை மாதிரி அறுக்கலாம், பழைய ஸ்க்ரூடிரைவரால் அறை குடையலாம். அலுமினியப் பொடி சுண்ணாம்போடு சேர்ந்து கிளப்பும் வாயுதான் அதை உப்ப வைக்கிறது, உள்ளே முழுக்கக் குமிழி, அதனால் தண்ணீரை நன்றாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிளாஸ்டர் மாதிரி குழையாது. இறுகிய பிளாஸ்டர் என்பது ஜிப்சம்தான், அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையக்கூடியது, தினமும் ஒரே இடத்தில் ஊற்றினால் அது போகத்தான் செய்யும்.

குடையும்போது மூக்கில் துணி கட்டுங்கள், தூசி மோசம். அப்புறம் குடைந்த கல்லை 3 நாள் தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள், சுண்ணாம்புக் காரம் இறங்கட்டும். மிதக்கும், மேலே ஏதாவது பாரம் வைக்க வேண்டும்.

கூட்டையும் வெளிப் பெட்டியையும் இணைக்க மீன் தொட்டிக் காற்றுக் குழாய் வாங்காதீர்கள். அது சித்தெறும்புக்குச் சரி, உங்கள் பெரிய தலைக்காரர்கள் அதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். கொத்தனார் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், 8 மில்லி உள்விட்டம் பார்த்து வாங்குங்கள்.

சும்மா_வந்தவன்

வழி தவறி இந்த இழைக்கு வந்துவிட்டேன். எங்கள் பாட்டி காலையில் அரிசிமாவில் கோலம் போட்டு எறும்புக்குச் சோறு போட்டார். நீங்கள் அதைப் பிடித்துக் கண்ணாடிக்குள் அடைத்து வேடிக்கை பார்க்கிறீர்கள். எதற்கு?

ராப்பூச்சி

நியாயமான கேள்விதான். என் பதிலைச் சொல்கிறேன். மழைக்குப் பிறகு பறக்கும் ராணிகளில் பெரும்பாலானவை பல்லிக்கும் பறவைக்கும் இரை, நம் செருப்புக்கும் இரை. அதில் ஒன்றைக் கொண்டுவந்தால் தெருவில் கட்டெறும்பு குறையாது. இருக்கிற புற்றைத் தோண்டி ராணி எடுப்பதுதான் அநியாயம், அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

இன்னொன்று, காசு கொடுத்து வெளிநாட்டு எறும்பு வாங்குவது. 2025இல் கென்யாவில் 4 பேர் பிடிபட்டார்களே, 5,000க்கும் மேல் ராணிகள். நாம் வைத்திருக்கிற இதே டெஸ்ட் டியூப், பஞ்சில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். ஆளுக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம். அந்த ராணிகள் விதை சேர்க்கும் பெரிய அறுவடை எறும்புகள், அந்த மண்ணில் இருக்க வேண்டியவை. நம் ஊரிலேயே பாருங்கள், 2022இல் திண்டுக்கல் கரந்தமலைப் பக்கம் மஞ்சள் எறும்பு பெருகி ஆடு மாடு வைத்திருப்பவர்கள் பட்ட பாடு செய்தியில் வந்தது. ஒரே இடத்தில் பல ராணிகள், கூட்டம் கூட்டமாக ஃபார்மிக் அமிலம் பீய்ச்சுகிற ஜாதி அது. ஆகவே என் விதி: உள்ளூர் ஜாதி, தானாகப் பறந்து வந்த ராணி, முடியாமல் போனால் பிடித்த இடத்திலேயே விடுவது.

சும்மா_வந்தவன்

சரி, ஒத்துக்கொள்கிறேன். கோலமாவு போடலாமா உள்ளே?

ராப்பூச்சி

கட்டெறும்பு அதைப் பெரிதாகச் சட்டை செய்யாது. அதற்கு இனிப்பும் பூச்சியும்தான். இப்போது வருகிற கோலப்பொடி பாதி கல்மாவு, யாருக்கும் உதவாது.

ஈரமண்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நான் இருப்பது மானாமதுரைப் பக்கம். எங்கள் ஊரில் கடம் செய்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், எறும்புக் கூடும் செய்யலாம் என்று யாருக்கும் தெரியாது. 3 வருஷமாகச் சுட்ட மண்ணில்தான் வைத்திருக்கிறேன், பிளாஸ்டர் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

காரணம் சொல்கிறேன். மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? உடம்பு முழுக்க நுண்துளை, அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. கூட்டுக்கும் அதே வேலைதான் வேண்டும். சுட்ட மண் தண்ணீரை மெதுவாக இழுத்து மெதுவாக விடுகிறது, கரைவதும் இல்லை, எறும்பின் பல்லுக்கும் மசியாது. அழுக்கானால் கழுவி, வெந்நீரில் போட்டு, வெயிலில் காயவைத்து மறுபடி குடிவைக்கலாம். சித்திரை வெயிலில் அறை கொதிக்கும்போது மேசையைவிடக் கூடு குளிர்ச்சியாக இருப்பது கையை வைத்தாலே தெரியும்.

மண்பாண்டம் செய்கிற வேளாரிடம் போய் 'எறும்புக்கு வீடு' என்றபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் அவரேதான் யோசனை சொன்னார். 2 விரல் கனத்துக்குப் பலகை தட்டி, ஒரு நாள் நிழலில் விட்டு, மண் தோல் மாதிரி இறுகியதும் கரண்டிக் காம்பால் அறை குடைய வேண்டும். ஈரமாக இருக்கும்போது குடைந்தால் கரை சரியும், காய்ந்த பிறகு குடைந்தால் வெடிக்கும். ஓரத்தில் ஒரு குழி தனியாக, அதற்கும் அறைக்கும் நடுவில் ஒரு விரல் அகலச் சுவர். அதுதான் தண்ணீர்க் குழி. எறும்பு அங்கே போகவே முடியாது, ஈரம் மட்டும் சுவர் வழியாகப் போகும். தகரடப்பாவுக்குச் சிரிஞ்ச் தொல்லையே இருக்காது, வாரம் 2 முறை குழியை நிரப்பினால் போதும்.

இரண்டு இடத்தில் நான் அடி வாங்கினேன். முதலாவது, மண் காயும்போதும் சூளையிலும் சுருங்கும், பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை முதலிலேயே வெட்டி வைத்திருந்தேன், பலகை அதைவிடச் சின்னதாக வந்து நின்றது. குழாய்த் துளையும் அப்படியே, குழாயின் வெளிவிட்டத்தைவிடப் பெரிதாகப் போட வேண்டும். கண்ணாடியைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும். இரண்டாவது, பலகை லேசாக நெளியும். கண்ணாடியை வைத்தால் ஒரு மூலை ஆடும், அந்த இடுக்கில் சித்தெறும்பு தாராளமாக நுழையும். சிமெண்ட் தரையில் மணலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, பலகையைக் குப்புறப் போட்டு வட்டமாகத் தேய்த்தேன். ஒரு மணி நேரம். தோள் விட்டுப்போயிற்று, ஆனால் முகம் சமமாகிவிட்டது. கண்ணாடியைச் சிலிக்கான் போட்டு ஒட்டவில்லை, ஆபீஸில் காகிதம் பிடிக்கிற கறுப்புக் கிளிப் நாலு. வேண்டும்போது கழற்றலாம்.

பூச்சு, பாலிஷ் எதுவும் போடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள், துளை அடைந்துவிடும்.

செங்கல்சூளை

என் பெயரை உங்களுக்குக் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் பக்கத்தில் வேளார் இல்லையே. பழைய தட்டோட்டில் குடைந்தால் என்ன?

ஈரமண்

சுட்ட பிறகு குடைவது கஷ்டம், பிளவு விடும். அதற்கு உங்கள் ஏஏசியே மேல்.

வெல்லக்கட்டி

ஒரு கெட்ட செய்தி. என் ராணி போய்விட்டாள். முதல் கூட்டுப்புழு வந்திருந்தது. காலையில் பார்த்தால் வாய்ப் பஞ்சு வழியாகச் சின்னச் சிவப்பெறும்பு வரிசை, உள்ளே கால்கள் மட்டும் மிச்சம். தப்பிப் போகாமல் இருக்கத்தான் எல்லாம் செய்தேன், வெளியிலிருந்து வருவார்கள் என்று நினைக்கவே இல்லை.

ராப்பூச்சி

அய்யோ தம்பி. இது எனக்கும் நடந்திருக்கிறது, இரண்டு கூட்டம் போயிற்று. இனி ராணி கிடைத்தால் இதைச் செய்யுங்கள்: அம்மா அல்வாப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைப்பார் இல்லையா, அதே மாதிரி. அகலத் தட்டில் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு, நடுவில் டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் டியூப். சோப்பு இல்லாத தண்ணீரில் சித்தெறும்பு மிதந்தே கடந்துவிடும். தட்டு சுவரையோ திரைச்சீலையையோ தொடக் கூடாது. எறும்பு சாக்பீஸ் போட்டுக் காவல் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த மருந்துக்கு உங்கள் எறும்பு எது, ஊர் எறும்பு எது என்று தெரியாது. கொசுவுக்கு மாட்டுகிற லிக்விட் மெஷினும் அந்த அறையில் வேண்டாம்.

தகரடப்பா

தம்பி, வருத்தமாக இருக்கிறது. அடுத்த மழைக்கு இரண்டு பேரும் சேர்ந்து தேடுவோம்.

ஈரமண் அண்ணா சொன்னபடியே போகப் போகிறேன். தாம்பரத்தில் வேளாருக்கு எங்கே போவது என்று பார்த்தால், அகல்விளக்கு செய்கிற ஒருவர் எங்கள் பஸ் வழியிலேயே இருக்கிறார். 6 அறை மட்டும். முற்றத்துக்கு (வெளிப் பெட்டிக்கு மகள் வைத்த பெயர்) பழைய பிஸ்கட் டப்பா. அதன் விளிம்பில் என்ன தடவலாம்?

ராப்பூச்சி

குழந்தைப் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்து உள்விளிம்பில் 2 விரல் அகலத்துக்குப் பூசுங்கள். ஸ்பிரிட் ஆவியானதும் பொடி மட்டும் நிற்கும், ஏறும்போது காலடியில் உதிர்ந்து விழுந்துவிடுவார்கள். சானிடைசர் ஜெல் உதவாது, பிசுபிசுக்கும். ஐப்பசி அடைமழையில் பவுடர் ஈரம் குடித்துப் பிடிமானம் கொடுத்துவிடும், அப்போது மறுபடி பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவலாம் என்பார்கள், நம் வெயிலில் அது உருகிக் கீழே வழிந்து எறும்பைத்தான் குளிப்பாட்டும். டப்பாவுக்கு மூடியும் போடுங்கள், சும்மா இருக்கட்டும்.

அப்புறம், கூட்டில் ஒரு சிட்டிகை கழுவிய மணல் தூவுங்கள். புழு நூல் சுற்றும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும், வழவழப்பான தரையில் தடுமாறும். கரப்பான் குஞ்சு கொடுத்தால் வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டுக் கொடுங்கள், உண்ணி வராது. மருந்தடித்த வீட்டுக் கரப்பான் வேண்டாம்.

தகரடப்பா

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். சொல்ல நிறைய இருக்கிறது.

அகல்விளக்குக்காரர் 3 பலகை போட்டார், ஒன்று சூளையிலேயே வெடித்தது, ஒன்று வாழைப்பழம் மாதிரி வளைந்தது, மூன்றாவது தேறியது. துளை சுருங்கும் என்று படித்தும், பெரிதாகப் போடச் சொல்ல மறந்துவிட்டேன். லெவல் டியூப் நுழையவில்லை. அரத்தை நனைத்து நனைத்துத் தேய்த்துப் பெரிதாக்கினேன். தரையில் தேய்க்கிற வேலையை மகளிடம் கொடுத்தேன், பத்து நிமிஷத்தில் ஓடிவிட்டாள்.

டியூபை முற்றத்தில் வைத்துவிட்டுக் குடியேறுவார்கள் என்று காத்திருந்தேன். ஒரு வாரம் ஒருவரும் அசையவில்லை. இரண்டு பேர் வந்து பார்ப்பார்கள், மீசையால் சுவரைத் தடவுவார்கள், போய்விடுவார்கள். வீடு பார்க்க வருகிற மாமியார் மாதிரி. ராப்பூச்சி அக்காவுக்குத் தனிச்செய்தி போட்டேன், இரண்டு வரிதான் பதில்: டியூப் மேல் இருக்கிற துணியை எடு, கூட்டின் மேல் சிவப்புத் தாள் போடு.

பூக்கடையில் பூங்கொத்து சுற்றுகிற சிவப்புக் கண்ணாடித்தாள் வாங்கி மூன்று மடிப்பாகப் போட்டேன். அவர்களுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாதாம், நமக்கு உள்ளே நடப்பது தெரியும். அன்று ராத்திரி 11 மணிக்கு மேல் தொடங்கினார்கள். முதலில் கூட்டுப்புழுக்கள், ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு. பிறகு புழு, பிறகு முட்டைக் கொத்து. ராணி கடைசியில்தான் வந்தாள், இரண்டு பேர் முன்னால் இழுக்க. குழாயில் நின்று நின்று வந்தாள், எனக்குத்தான் மூச்சு முட்டியது. முட்டையைத் தண்ணீர்க் குழிச் சுவரை ஒட்டிய அறையிலும், கூட்டுப்புழுவைக் கடைசிக் காய்ந்த அறையிலும் அடுக்கியிருக்கிறார்கள். யாரும் சொல்லித் தரவில்லை.

இது நடந்து ஐந்து வாரம். பூஞ்சை இல்லை. குப்பை முற்றத்தின் ஒரே மூலையில் மட்டும் சேர்கிறது.

ஈரமண்

படம் பார்த்தேன், அருமை. தண்ணீர்க் குழியில் கொசு முட்டை வைக்கும், அதற்கும் ஒரு ஓட்டுத் துண்டால் மூடி போட்டுவிடுங்கள். அப்புறம் அந்த வாழைப்பழப் பலகையைத் தூக்கி எறியாதீர்கள். வெல்லக்கட்டிக்குக் கொடுங்கள், வளைவை அவர் தேய்த்துக்கொள்வார், இளவயசுத் தோள்.

வெல்லக்கட்டி

நான் ரெடி அண்ணா. நேற்று இங்கே நல்ல மழை, ஆனால் விளக்கடியில் ஈசல்தான் வந்தது.

செங்கல்சூளை

பழைய டியூபை எடுத்துவிட்டீர்களா? அதிலிருக்கும் தண்ணீர் இந்நேரம் நாறியிருக்குமே.

தகரடப்பா

இன்னும் இல்லை சார். இரண்டு பேர் அதிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். உருவத்தில் ரொம்பச் சின்னவர்கள், ராணி பட்டினி கிடந்து வளர்த்த முதல் நாலு பேரில் இரண்டாக இருக்கும் என்று மகள் அடித்துச் சொல்கிறாள். சாப்பாட்டுக்கு முற்றத்துக்கு வருகிறார்கள், திரும்ப டியூபுக்கே போகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கிறேன்.